எல்பியாவின் வெள்ளிக்கிழமைப் பட்டியல்

லா கம்பானா கிளப்பின் வாசலில் நான் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த காலத்தில், ஆட்டக்காரர்களின் சட்டைகளைத் துவைத்துக் கொடுத்தவள் எல்பியா. ஐம்பத்தெட்டு வயது. மைதானத்துக்குப் பின்னால் வீடு. மொந்தெவிதேயோவின் இரண்டாம் டிவிஷனில் எங்களோடு இருபது வருடம் கிடந்தவள். அந்த சீசனில் அவளை எல்லோரும் சந்தேகப்பட்டோம். நானும்தான்.

நான்காவது ஆட்டத்தில்தான் முதலில் உறைத்தது. காயம் ஆறி வந்திருந்த அனிபாலை கோச் தார்தோ யாருக்கும் சொல்லாமல் இடது ஓரத்தில் இறக்கினார். விசில் ஊதியதுமே எதிரணியில் இரண்டு பேர் அவனோடு ஒட்டிக்கொண்டார்கள். ஏழாவது ஆட்டத்தில் வேறு அணி, வேறு ஆட்டக்காரன், அதே கதை. யார் ஆடப்போகிறார்கள் என்பது முன்கூட்டியே வெளியே போய்க்கொண்டிருந்தது.

ஆடப்போகும் பதினெட்டுப் பேரின் பட்டியல் வெள்ளிக்கிழமை காலை எல்பியா கைக்கு மட்டுமே போகும். கிளப் அறையில் கிடக்கும் சட்டைகள் பூஞ்சை வாடை அடிக்கும் என்பதால், அந்தப் பதினெட்டை மட்டும் வீட்டுக்கு எடுத்துப்போய் அலசி மொட்டை மாடிக் கொடியில் காயப்போடுவாள். போதாக்குறைக்கு அவள் தங்கை மகன் வேறொரு கிளப்பில் ஆடினான்.

அவள் உள்ளே வந்தால் பேச்சு நின்றுவிடும். எல்லோரும் மாறிமாறி உறிஞ்சும் மாத்தே டீக் குவளை கைமாறி வரும்போது அவளைத் தாண்டிப் போனது.

ஒருநாள் வாசலில் என்னை மறித்தாள். "நீதான் பட்டியலை வெளிய ஊதிவிடுறியாடா, ஓமெரோ?"

"நானா? பட்டியலை நான் கண்ணால பாத்ததுகூட இல்லக்கா."

"அப்ப மூஞ்சி ஏன் இப்படி வேர்க்குது?"

வேர்த்தது உண்மை. அவளைப் பற்றி அரைமணி நேரம் முன்னால்தான் பேசியிருந்தேன்.

பதினோராவது வாரம், சட்டைகளுக்குக் கிளிப் மாட்டிக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாள். இரண்டு வீடு தள்ளி, புதிதாகக் குடிவந்தவன் மாடியில் நின்று போனை உயர்த்திப் பிடித்திருந்தான். முதுகு எண்கள் எல்லாம் அவன் பக்கம்.

"என்னய்யா படம் எடுக்கிற?"

"புறாம்மா."

மாடியில் ஒரு புறாகூட இல்லை.

அன்றே தார்தோவிடம் போனாள். "பட்டியல் என் வாயிலேர்ந்து போகல. கொடியிலேர்ந்து போகுது."

தார்தோ சிரித்தார். "இருபது வருஷத்துல கொடி இப்பதான் பேச ஆரம்பிச்சுதா? யோசிச்சு நல்ல கதையா சொல்லுங்க."

அவள் அடுத்த வெள்ளிக்கிழமை அணியிலிருந்த இருபத்தாறு பேரின் சட்டைகளையும் அலசி, உள்பக்கம் வெளியே தெரியப் புரட்டிக் காயப்போட்டாள். மறுநாள் அனிபாலைப் பிடிக்க ஆளில்லை. இரண்டு கோல் போட்டான். அதற்குப் பிறகு எங்கள் ரகசியம் எதுவும் கசியவில்லை.

"பாத்தியா, மாட்டிப்போம்னு பயந்து நிறுத்திட்டா," என்றார் தார்தோ. நாங்களும் தலையாட்டினோம்.

நான்காவது இடத்தில் முடித்தோம். முதல் டிவிஷனுக்கு ஏறவில்லை. டிசம்பரில் தார்தோ, ஏழாவது ஆட்டத்தில் எங்களைத் தோற்கடித்த கிளப்புக்கே கோச்சாகப் போனார். அவ்வளவுதான்; பட்டியலைக் கொடுத்தது அவரேதான் என்று ஒரே நாளில் முடிவு கட்டிவிட்டார்கள்.

எல்பியா ஒருத்திதான் எதிர்த்துப் பேசினாள். "அந்த மனுஷன் மேல பழி போடாதீங்கடா. அவரு அப்படி ஆள் இல்ல."

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவள் போன பிறகு அனிபால் மெதுவாகக் கேட்டான்: "அக்கா எதுக்கு அவருக்கு இவ்ளோ பரிஞ்சு பேசுது?"