டீயோடு போட்ட மாத்திரை

ரத்தத்திலிருந்து வந்தது இப்படி நிறமில்லாமல் இருக்கும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது. அண்ணனின் கட்டிலருகே தலைகீழாகத் தொங்கிய பாட்டிலில், முகம் தெரியாத ஆயிரக்கணக்கானவர்களின் ரத்தத்திலிருந்து பிரித்த நோய் எதிர்ப்புப் புரதம். யார் யாரோ. எந்தெந்தக் காய்ச்சலையோ ஜெயித்தவர்கள். எல்லோரும் சொட்டுச் சொட்டாக அண்ணனுக்குள் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

தொண்ணூறுகளின் கடைசி. ஆம்பூர்ப் பக்கத்தில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில், தோல் சுழலும் டிரம்களுக்கு அண்ணன் மேஸ்திரி. ஒரு வயிற்றுப்போக்கு வந்து போனது. பிறகு செருப்பு நழுவியது காலுக்குத் தெரியவில்லை. பிறகு காலே தெரியவில்லை. வேலூருக்குக் கொண்டுவந்தோம். உடம்பின் காவல் தன் நரம்பையே எதிரியென்று அடிக்கிறது, இந்த மருந்து அதை அடக்கும் என்றார் டாக்டர். ஆனால் அண்ணனுக்குச் சர்க்கரை பழசு. சிறுநீரகம் களைத்திருப்பதாக ரத்தப் பரிசோதனையும் சொன்னது.

"இது கிட்னிக்குப் பாரம். சர்க்கரை இருக்கிறவங்களுக்கு இன்னும் ஜாஸ்தி. ரத்தம் கெட்டியாகி எங்கயாவது அடைச்சுக்கவும் செய்யலாம். அதான் மெதுவா ஏத்தறோம். தண்ணி நல்லா குடிங்க. இந்த மருந்துலயே சர்க்கரை கலந்த வகை ஒண்ணு இருக்கு, அது கிட்னிய ரொம்பப் படுத்தும். உங்களுக்கு அது வேணாம்."

"சர்க்கரைக்காரனுக்கு மருந்துலயும் சர்க்கரையா? நல்லாருக்கு சார்."

டாக்டர் சிரிக்கவில்லை. "வேற மாத்திரை ஏதாவது சாப்புடறீங்களா?"

"சுகர் மாத்திரை மட்டுந்தான் சார்."

கால் திரும்ப வேண்டும். அதற்குச் சிறுநீரகத்தை விலையாகக் கொடுத்துவிடக் கூடாது. நான் மேலே பாட்டிலையும் கீழே மூத்திரப் பையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே இறங்குவது தெரிகிறது, கீழே சேர்கிறதா?

மறுநாள் அண்ணனுக்குத் தலைவலி. இந்த மருந்துக்கு அது வழக்கம்தான் என்றார் சிஸ்டர். மத்தியானம் டிரம்மில் கூட வேலை செய்யும் பாய் பிளாஸ்க்கோடு வந்தார்.

"இன்னா தோஸ்த், படுத்துக்கினே சம்பளமா?"

"தலை பேஜாரா இருக்கு பாய்."

பிளாஸ்க் மூடியில் டீ ஊற்றினார். சட்டைப் பையிலிருந்து ஒரு காகித மடிப்பு வந்தது. அண்ணன் பழகிய கையால் வாங்கி, ஒரு மடக்கில் விழுங்கினான்.

"இது இன்னா மாத்திரை பாய்?" என்றேன்.

"மாத்திரையெல்லாம் இல்லமா. டீயோட போடறது."

ஈரத்தில் நிற்கிறவர்களுக்கு மூட்டு வலி. டேனரி வாசல் டீக்கடையில் கிளாஸோடு ஒரு வலி மாத்திரையும் வருமாம். பன்னு மாதிரி அதுவும் கடைச் சாமான். எனக்கு வியப்பாக இருந்தது.

"எத்தினி வருஷமாண்ணா?"

"டீ குடிக்க ஆரம்பிச்சதுலேர்ந்து."

காகிதத்தைச் சிஸ்டரிடம் காட்டி விஷயத்தைச் சொன்னேன். அவர் முதலில் மருந்து இறங்கும் குழாயை மூடினார். "இதுவும் கிட்னியத்தான் அடிக்கும். ரெண்டும் சேர்ந்தா இன்னா ஆவறது?"

பாய் முகம் செத்துப்போனது. "நல்லதுக்குதான் சிஸ்டர் குடுத்தேன்."

"யாரு இல்லன்னாங்க? மிச்சத்தையும் இப்படிக் குடுங்க."

அண்ணன் நிஜமாகவே குழம்பிப்போயிருந்தான். "டாக்டர் மாத்திரைதானே கேட்டாரு?"

டாக்டர் வந்தார். கோபிப்பார் என்று பார்த்தேன். கட்டிலின் ஓரம் உட்கார்ந்து, அந்த டீக்கடையைப் பற்றியே விசாரித்தார். மருந்தை நிறுத்திவிட்டு வெறும் உப்புநீரை ஏற்றினார்கள். மூத்திரம் அளந்து, ரத்தம் பரிசோதித்து, சிறுநீரகம் பதில் சொல்லும்வரை கால் காத்திருக்க வேண்டும். அது எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்று அவராலும் சொல்ல முடியவில்லை. முதல் பரிசோதனையில் ரத்தத்தில் கழிவின் அளவு கொஞ்சம் ஏறியிருந்தது. அடுத்ததில் இறங்கியது. பை நிறைந்தது. மஞ்சளாக எதுவும் அவ்வளவு அழகாக இருந்து நான் பார்த்ததில்லை.

பாட்டில் மறுபடி தொங்கியது, முன்னைவிட மெதுவாக. பாய் தினமும் வந்தார். வாசலிலேயே சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டுவார். "செக் பண்ணிக்கோங்க சிஸ்டர், டீ மட்டுந்தான்." அண்ணனின் கட்டைவிரல் அசைந்ததை முதலில் கண்டவரும் அவர்தான். போர்வையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அன்று பக்கத்துக் கட்டிலுக்கு வாணியம்பாடியிலிருந்து ஒரு தோல் தொழிலாளி வந்தார். டாக்டர் அவரிடம் மாத்திரை பற்றிக் கேட்கவில்லை.

"டீயோட இன்னா போடுவீங்க?"

அந்த ஆள் திகைத்து எங்களைப் பார்த்தார்.

"சொல்லுப்பா," என்றான் அண்ணன். "அவருக்கு எல்லாம் தெரியும்."