தொடாமல் வளர்த்தவன்

பிள்ளையார்பாளையத்தில் ஆதிகேசவனைப் போலப் பிள்ளை வளர்க்கிற ஆண்பிள்ளை கிடையாது என்று ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சைக் கிளப்பியவன் ஆதிகேசவன்தான். பிறகு தெருவும் நம்பிவிட்டது. நம்பக் காரணமும் இருந்தது. தறிக்குப் பக்கத்தில் உத்தரத்திலிருந்து ஒரு பழைய சேலையைத் தூளியாகத் தொங்கவிட்டு, அதிலிருந்து ஒரு கயிற்றை இழுத்துத் தறியின் மிதிக்கட்டையில் முடிந்திருந்தான். குழிக்குள் கால் மிதிக்க மிதிக்கத் தூளி ஆடும். இழையை இழுத்துக்கொண்டு நாடா ஓடும், அதை நெருக்கிப் பலகை அடிக்கும், குழந்தை அலமு தூங்குவாள். வந்து பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். நாலு பேர் தங்கள் வீட்டிலும் கயிறு கட்டினார்கள்.

வாயைப் பிளக்காத ஒரே ஆள் அவன் மனைவி காந்தா.

"தூங்கற வரைக்கும்தான் அப்பன். கண்ணத் தொறந்துட்டா நானு" என்பாள்.

அதில் பொய் இல்லை. குழந்தை இமையை அசைத்தால் முதலில் தெரிவது ஆதிகேசவனுக்குத்தான். தெரிந்ததும் அவன் செய்கிற காரியம், "காந்தா! முழிச்சிக்கினா!" என்று கத்துவது. அவள் அடுப்பில் உலையை விட்டுவிட்டு ஓடி வருவாள். தூளி அவன் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருக்கும். கை நீளாது.

கேட்டால் தறியில் இருக்கிற பட்டு இழையைக் காட்டுவான். குழந்தைக்குத் தலையில் விளக்கெண்ணெய், கண்ணில் மை, வாயில் பால், கீழே சொல்ல வேண்டியதில்லை. "தொட்ட கையோட இழையத் தொட்டா கறை பட்டுடும். முதலாளி சேலைய என் மூஞ்சியில வீசுவாரு. வீசட்டுமா?"

இது முழுக்க உண்மை. தொந்தரவே அதுதான். பொய்யாக இருந்தால் சண்டை போட்டுக் கிழித்திருப்பாள்; உண்மையோடு யார் மல்லுக்கட்டுவது? ஆனால் அதே கை தினமும் சத்தார் பாய் டீக்கடையில் மசால்வடையைப் பிட்டுத் தின்றுவிட்டு, பழைய பேப்பரில் துடைத்துக்கொண்டு, நேராகப் பட்டுக்கு வரும். அதைச் சொன்னபோது, "வடை எண்ணெய் தொடச்சா போயிடும். கொழந்த எண்ணெய் அப்பிடியா?" என்றான். எண்ணெயில் இப்படி ஒரு வகை இருப்பது காஞ்சிபுரத்தில் அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

அமாவாசையன்று தறி நிற்கும். அன்றைக்குப் பட்டும் இல்லை, சாக்கும் இல்லை. ஆகவே அன்று விடிந்ததுமே பக்தி வந்து கோயிலுக்குக் கிளம்பிவிடுவான். குழந்தையோ அமாவாசைதோறும் பொட்டுக்கூடத் தூங்காமல் கத்தித் தீர்க்கும். அமாவாசைக் கோளாறு என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். காந்தா விபூதி போட்டாள், பள்ளிவாசலுக்குத் தூக்கிப் போய் ஓதவைத்துக்கொண்டு வந்தாள், தாயத்துக் கட்டினாள். அடுத்த அமாவாசைக்குக் குழந்தை தாயத்தையும் பிடித்து இழுத்துக்கொண்டு கத்திற்று.

இந்த நிலையில், அறுபத்தாறாம் வருஷம் தை மாதம், காந்தாவின் ஒரே தம்பி அர்ஜுனனுக்கு அவள் பிறந்த ஊரான தாமலில் கல்யாணம் வைத்தார்கள்.

தாலியில் முதல் முடிச்சு மாப்பிள்ளை போடுவான். மற்ற இரண்டும் அவன் கூடப்பிறந்தவள் போட வேண்டும். கூடப்பிறந்தவள் காந்தா ஒருத்திதான். அந்தத் தம்பியை இடுப்பில் சுமந்து சுமந்து பாவாடை நாடாத் தழும்பே விழுந்திருந்தது அவளுக்கு. அவனுக்கு மீசை முளைத்த நாளிலிருந்து இந்த இரண்டு முடிச்சுக்காகக் காத்திருந்தாள். தடங்கல் ஒன்றுதான்: பெரியப்பா மகள் பூவம்மாள். முன்னால் ஒரு கல்யாணத்தில், உரியவள் விளக்கை எடுக்க உள்ளே போன நேரத்தில் பூவம்மாள் முடிச்சைப் போட்டுவிட்டாள். அந்தக் குடும்பம் நன்றாக இருப்பதே தன் கைராசியால்தான் என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

"நானும் அக்காதானேடி. யாரு போட்டா இன்னா?" என்று பந்தக்கால் நடும்போதே சொல்லி வைத்துவிட்டாள்.

காந்தா குழந்தையோடு முன்னதாகவே தாமலுக்குப் போனாள். போன நாளிலிருந்து அலமு தூங்கவில்லை; கல்யாண வீட்டில் ஒருத்தரையும் தூங்க விடவும் இல்லை.

"இன்னாடி இது, தூக்கமே எழுதாத பொண்ணா பெத்துக்கினு வந்திருக்கே?" என்றாள் அம்மா செல்லியம்மாள்.

மறுநாள் பின்கட்டில் பெண்கள் உரலில் அரிசி இடித்தார்கள். திம், திம் என்று உலக்கை விழுந்தது. அலமு காந்தாவின் தோளிலேயே சாய்ந்து தூங்கிப்போனாள். மாவு சலிக்க உலக்கையை நிறுத்தினார்கள். எழுந்து கத்தினாள். மறுபடி இடித்தார்கள், தூங்கினாள். காந்தாவுக்குப் பளிச்சென்று விளங்கியது. தாமலில் ஏர் உண்டு, ஏரி உண்டு, தறி கிடையாது. அமாவாசைக்கும் தறி கிடையாது.

"அடப்பாவி மனுசா! ஒரு கயித்தக் கட்டி என் பொண்ண இப்பிடிப் பண்ணி வெச்சிருக்கியே!" என்று பிள்ளையார்பாளையம் இருக்கிற திசையைப் பார்த்துச் சொன்னாள். உடனே வரச் சொல்லி ஆள் அனுப்பினாள்.

ஆதிகேசவன் சாவகாசமாகக் கல்யாணத்துக்கு முந்தின நாள், மாப்பிள்ளை மரியாதையை எதிர்பார்த்து வந்து இறங்கினான். செல்லியம்மாள் பட்டு வேட்டியும் அங்கவஸ்திரமும் வைத்துக் கொடுத்தாள். "வாங்க மாப்பிள்ளே. உங்க பொண்ணு தறிச் சத்தம் இல்லாம தூங்கமாட்டேங்குது."

அவனுக்கு முகமெல்லாம் பெருமை. "நெசவுக்காரன் பொண்ணு அத்தே. வேற எப்பிடி இருக்கும்?"

நாற்காலியை உரலுக்குப் பக்கத்தில் போடச் சொல்லி உட்கார்ந்தான். "அவசரப்படாதீங்கம்மா. பலகை அடி இப்பிடி விழாது. ஒரு அடி, கொஞ்சம் மூச்சு, அப்புறம் அடுத்த அடி..." என்று காலால் தாளம் போட்டுக் காட்டினான். பெண்கள் மாற்றி மாற்றி இடித்தார்கள். அரிசி தீர்ந்து மஞ்சளை இடித்தார்கள், மஞ்சள் தீர்ந்து மிளகாயை இடித்தார்கள். எத்தனை ஊருக்குச் சோறு போடப் போகிறீர்கள் என்று எதிர்வீட்டார் கேட்டுவிட்டுப் போனார்கள். குழந்தையைத் தூங்க வைத்தது யார் என்றால், ஆதிகேசவன்.

மறுநாள் காலை முகூர்த்த நேரம். உலக்கையைச் சார்த்திவிட்டுப் பெண்கள் எல்லாரும் பந்தலுக்குப் போனார்கள். அலமு எழுந்துவிட்டாள். காந்தா நேராகப் போய்க் குழந்தையை அவன் கையில் வைத்தாள்.

"பிடி. முடிச்சுப் போட்டுட்டு வந்து வாங்கிக்கிறேன்."

"காந்தா, இது பட்டு வேட்டி..."

"இத எந்த முதலாளியும் உன் மூஞ்சியில வீசமாட்டாரு. பிடி."

குழந்தையைக் கற்பூரத் தட்டு மாதிரி முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான். குழந்தை அந்தரத்தில் தொங்கியபடி கொஞ்ச நேரம் அப்பாவைப் பார்த்தது. பிறகு எல்லாக் குழந்தைகளும் செய்வதைச் செய்தது.

நேராக மணவறைக்கே வந்துவிட்டான். காந்தா மணப்பெண்ணுக்குப் பின்னால், அவள் கழுத்தின் மேல் கண்ணை வைத்து நின்றிருந்தாள்.

"காந்தா."

அவள் அசையவில்லை.

"ஏய் காந்தா. நனைச்சிட்டா. நனைச்சது மட்டும் இல்ல. ரெண்டு நிமிசம் வந்துட்டுப் போயேன்."

பூவம்மாள் அரையடி முன்னால் நகர்ந்தாள். "போயேண்டி, கொழந்த அழுவுது பாரு. நான் பாத்துக்கிறேன் இங்க."

"நாத்தனார் யாரும்மா? முன்னாடி வாங்கோ" என்றார் அய்யர்.

"காந்தா!" ஆதிகேசவன் குரல் நாயனத்துக்கு மேல் கேட்டது. குழந்தையின் குரல் அதற்கும் மேலே. பந்தலில் எல்லாரும் காந்தாவையே பார்த்தார்கள். பெற்ற பிள்ளை வீரிடும்போது திரும்பிக்கூடப் பார்க்காத தாயும் உண்டா என்று ஒருத்தி கேட்டாள். கல் நெஞ்சு என்றாள் இன்னொருத்தி. கையில் குழந்தையை வைத்துக்கொண்டு நிற்கிற தகப்பனைப் பற்றி ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. "பாவம்" என்று மட்டும் சொன்னார்கள்.

காந்தா திரும்பவில்லை. கெட்டிமேளம் கொட்டிற்று. அர்ஜுனன் முதல் முடிச்சைப் போட்டான். பூவம்மாளின் கை நீண்டது. காந்தா அதை முழங்கையால் தள்ளிவிட்டு, இரண்டு முடிச்சையும் போட்டாள். அவள் இழுத்த இழுப்பில் மணப்பெண் 'ஸ்' என்றாள்.

அதற்குப் பிறகுதான் திரும்பினாள். ஆதிகேசவனைக் காணோம்.

பின்கட்டில் தண்ணீர்த் தொட்டியண்டை இருந்தான். குழந்தையை வாங்கிக்கொள்ள அங்கே ஒரு பெண்பிள்ளை இல்லை; எல்லாரும் பந்தலில். வேறு வழி இல்லாமல் கல்லில் உட்கார்ந்து, காலை நீட்டி, குழந்தையை அதில் குப்புறப் போட்டுக் கழுவியிருக்கிறான். பட்டு வேட்டி பார்க்கச் சகிக்கவில்லை. அங்கவஸ்திரத்துக்குள் அலமு சுருண்டு, அவன் மார்பில் சரிகையைச் சப்பிக்கொண்டிருந்தாள். கை கழுவ வந்த இரண்டு ஆண்பிள்ளைகளுக்கு அவன் சொல்லிக்கொண்டிருந்தான்:

"தண்ணிய மொதல்ல கால்ல ஊத்தணும்பா. இந்தப் பொம்பளைங்களுக்கு அது தெரியல. எடுத்ததும் இடுப்புல ஊத்துறாங்க. கொழந்த பயப்படாதா? கையி இப்பிடி அடியில குடுக்கணும்..."

இத்தனை நாள் தொடாமல் வளர்ப்பது எப்படி என்று ஊருக்குச் சொன்னவன், இனிமேல் தொட்டு வளர்ப்பது எப்படி என்று சொல்லப் போகிறான். கேட்கப் போகிறவள் தான்தான் என்பது காந்தாவுக்குப் புரிந்தது. தலையில் அடித்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. மஞ்சள் கையாக இருந்ததால் விட்டுவிட்டாள்.

அவளைக் கண்டதும் பாடத்தை விட்டுவிட்டுக் குறை சொல்ல ஆரம்பித்தான். "அத்தினி பேரு நடுவுல கூப்பிட்டேன். ஒரு தரம் திரும்பிப் பாத்தா இன்னா?"

"பாத்திருந்தா நீ குடுத்திருப்பே."

 கொடுத்திருப்பான் என்பது அவனுக்கே தெரிந்திருந்தது.

"வேட்டிய மாத்திக்க. ஈரத்தோட அவள வெச்சிக்காதே" என்று சொல்லிவிட்டுக் காந்தா பந்திக்குப் போனாள். முதல் பந்தியில், தம்பி பெண்டாட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பாயசம் வரும்வரை எழுந்திருக்காமல் சாப்பிட்டாள்.