பள்ளிக்கூடத்தில் போட்ட ஊசி

அந்தப் பகுதியில் எந்தக் கட்டிடத்தில் லிஃப்ட் நின்றுபோனாலும் கூப்பிடுவது அவரைத்தான். லிஃப்ட்காரர் என்றால் கடைக்காரர்கள்கூட வீட்டுக்கு வழி சொல்வார்கள். இரண்டு மாடிக்கு நடுவே கூண்டு சிக்கி உள்ளே இருப்பவர்கள் கூப்பாடு போட்டால், கதவிடுக்கில் வாயை வைத்து, "பயப்படாதீங்க, காத்து வந்துட்டேதான் இருக்கும்" என்று பேச்சுக் கொடுத்தபடியே வேலையை முடிப்பார். இருட்டுக் குழியில் தொங்குவது அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஊசி என்றால் மட்டும் கைகால் உதறும். கல்யாணமான புதிதில் ரத்தப் பரிசோதனைக்குப் போய் நாற்காலியோடு சாய்ந்தவர் அவர். மனைவி அதை இன்றும் ஊர் கூட்டிச் சொல்வாள்.

அவரை ஆளாக்கியது அக்கா. பெற்றவர்கள் போன பிறகு, தையல் கம்பெனிக்குப் போய்த் தம்பியைத் தொழிற்படிப்பில் சேர்த்தவள். அவளுக்குக் கல்யாணமாகி ஒரு மகள் பிறந்தாள். அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தார்கள். ஒருநாள் கண்ணை மூடிவிட்டாள். என்ன நோய் என்று பெண்கள் தங்களுக்குள் குசுகுசுத்தார்கள், அவர் காதில் போடவில்லை. அவரும் துருவிக் கேட்கவில்லை.

இதெல்லாம் நடந்து வருஷங்கள் ஆகி, அவருடைய மகள் எட்டாம் வகுப்புக்கு வந்த பிறகுதான் ஊசிப் பேச்சு வீட்டுக்குள் நுழைந்தது. பள்ளியிலேயே பெண்பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடப்போகிறார்கள், பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று மகள் வந்து சொன்னாள்.

"பிள்ளை கல்லு மாதிரி இருக்கா. இவளுக்கு எதுக்கு ஊசி?" என்றார். "அதைப் போட்டா பின்னாடி குழந்தையே பிறக்காதாம்."

"யாரு சொன்னா?" என்றாள் மனைவி.

"போன்ல ஒரு வீடியோ வந்துச்சு."

"போன்ல பேசினவன் நாளைக்கு வந்து பதில் சொல்வானா? சனிக்கிழமை ஸ்கூல்ல நர்ஸ் வந்து பேசறாங்க. எனக்கு வேலை இருக்கு, நீங்க போங்க. மனசுல இருக்கிறதை எல்லாம் கேளுங்க. கேட்காம வேண்டாம்னு மட்டும் சொல்லாதீங்க."

மகள் ஓரமாக நின்று, "எனக்கும் ஊசின்னா பயம்தாம்பா. பயம் வேற, வேணுமா வேண்டாமாங்கிறது வேற" என்றாள். அவருக்குச் சுருக்கென்றது.

கூட்டம் கம்ப்யூட்டர் அறையில் நடந்தது. வந்திருந்தவர்களில் பெரும்பாலும் அம்மாக்கள். இவர் கடைசி வரிசையில் உடம்பைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். நர்ஸ் சுற்றி வளைக்காமல் பேசினார். பெண்களுக்குக் கருப்பை வாயில் வரும் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் ஒரு வைரஸ்தான் காரணம். உடலுறவின் மூலம் பரவும் வைரஸ் அது. அது உடம்பில் சேர்வதற்கு ரொம்ப முன்னாலேயே ஊசி போட்டால் பலன் அதிகம், அதனால்தான் இந்த வயது.

லிஃப்ட்காரர் தொண்டையைச் செருமினார். "சிஸ்டர், இதனால குழந்தை பிறக்காதுன்னு சொல்றாங்களே?"

"அப்படி எதுவும் இல்லீங்க. பல நாட்டுல பல வருஷமா போட்டுட்டு இருக்காங்க. கை வலிக்கும், வீங்கலாம், லேசா காய்ச்சல் வரலாம். சில பிள்ளைங்களுக்குத் தலைசுத்தும், அதுக்குத்தான் போட்டதும் கால் மணி நேரம் உட்கார வைக்கிறோம். அன்னிக்குச் சாப்பிட்டுட்டு வரணும். காய்ச்சல் இருந்தாலோ, முன்னாடி ஏதாவது ஊசியோ மருந்தோ ஒத்துக்காம போயிருந்தாலோ முதல்லயே சொல்லிடுங்க."

மகளுக்குச் சின்ன வயதில் ஒரு மாத்திரையால் உடம்பெல்லாம் தடித்தது அவருக்கு நினைவு வந்தது. சொன்னார். டாக்டரைக் கேட்டுச் சொல்வதாக நர்ஸ் குறித்துக்கொண்டார்.

முன் வரிசையிலிருந்த ஓர் அம்மா, "அந்த நோய் வந்தா எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

"ஆரம்பத்துல ஒண்ணும் தெரியாது. அப்புறம் மாதவிலக்கு இல்லாத நாள்லயும் ரத்தம் போகும், இடுப்பு விட்டுப்போற மாதிரி வலிக்கும். வெட்கப்பட்டுக்கிட்டு நம்ம பொண்ணுங்க வெளியில சொல்றதில்ல. கேட்டா வயித்துல கட்டிம்பாங்க."

அதற்குப் பிறகு நர்ஸ் பேசியது எதுவும் அவர் மனதில் ஏறவில்லை. தையல் மெஷின் முன்னால் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு எழுந்திருக்க முடியாமல் எழுந்த அக்காதான் கண்ணில் நின்றாள்.

வெளியே வந்து சைக்கிள் கொட்டகைப் பக்கம் ஒதுங்கி, அக்கா புருஷனுக்குப் போன் போட்டார்.

"மாமா, அக்காவுக்கு வந்தது என்ன நோய்?"

"இப்ப எதுக்குடா அது?"

"சொல்லுங்க மாமா."

"கருப்பை வாயில புத்துநோய். ரத்தம் போறதை என்கிட்டயே மாசக்கணக்கா சொல்லலடா அவ. நான் எந்த வாயால உன்கிட்ட சொல்றது?"

லிஃப்ட்காரர் சைக்கிள்களுக்கு நடுவே நின்று அழுதார். அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்ச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டார்.

பழைய மாத்திரைக்கும் இந்த ஊசிக்கும் சம்பந்தமில்லை, போடலாம் என்று டாக்டர் சொல்லியனுப்பினார். ஊசி போடும் நாளில் இவர் வேலைக்கு அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டுப் போனார். மகளின் முறை வந்தபோது சுவரில் ஒட்டியிருந்த உலக வரைபடத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சுதுப்பா, திரும்பலாம்" என்றாள் மகள். திரும்பினார். அவள் முகம் வெளுத்திருந்தது. காலையில் சாப்பிட்டதாகச் சொன்னது பொய், அரை டம்ளர் பால்தான். நர்ஸ் அவளைப் படுக்க வைத்துக் காலைத் தூக்கி வைத்தார். இவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, எடுபடாத பழைய ஜோக் ஒன்றைச் சொன்னார். "இதுக்கு ஊசியே பரவாயில்லப்பா" என்று அவள் முனகியதும்தான் அவருக்கு மூச்சு வந்தது. இரண்டு நாள் கை வலித்தது. அதோடு சரி.

அடுத்த வாரம் அக்கா மகளைக் கூப்பிட்டார். அவள் இப்போது ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறாள்.

"உங்க அம்மாவுக்கு வந்தது கருப்பை வாய்ப் புத்துநோய்மா. எனக்கே இப்பத்தான் தெரிஞ்சுது. யாரும் உன்கிட்ட சொல்லல. தப்புதான்."

"எனக்குத் தெரியும் மாமா. அத்தை ஒருத்தங்க சொன்னாங்க. எனக்கும் வருமோன்னு யார்கிட்ட கேட்கிறதுன்னுதான் தெரியல."

இருவரும் டாக்டரிடம் போனார்கள். இந்த வயதிலும் போட்டுக்கொள்ளலாம், சின்னப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் அளவு பலன் இருக்காது, ஆனாலும் நல்லதுதான் என்றார் டாக்டர். ஊசி போட்டாலும் போடாவிட்டாலும் முப்பது வயதுவாக்கில் பரிசோதனைக்கு வரத் தொடங்க வேண்டும், மறக்கக் கூடாது என்று இருமுறை சொன்னார். அவள் போட்டுக்கொண்டாள். பிறகு இருவரும் ஆஸ்பத்திரிக் கேன்டீனில் டீ குடித்தபடி அவளுடைய அம்மாவைப் பற்றி வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.