தகட்டில் படித்த என் பெயர்

விரலில் படும் தகரத்தின் குளிரும், அதன் விளிம்பில் காய்ந்து ஒட்டியிருந்த கறுப்பு மையின் எண்ணெய் வாடையும்தான் எனக்குப் படிப்பு என்பதன் முதல் அடையாளங்கள். பள்ளிக்கூடம் போகாத வயது. கண்டிக்கு மேலே ஹந்தானை மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அப்பா "ஸ்டோரு கிளாக்கர்". தேயிலை ஆலையை அங்கே எல்லோரும் "ஸ்டோரு" என்றும் எழுத்தரைக் "கிளாக்கர்" என்றும் சொல்வார்கள். தேயிலைப் பெட்டிகளில் தோட்டத்தின் பெயரை மையால் பதிப்பதற்கு, ஆங்கில எழுத்துகளின் வடிவில் துளை வெட்டிய தகடுகள் இருந்தன. வளைந்துபோய்க் கழித்த தகடுகளிலிருந்து ரோசா என்ற என் பெயருக்கு வேண்டிய எழுத்துகளை மட்டும் அப்பா நறுக்கிக் கொண்டுவந்து, துளைக்குள் என் விரலை ஓடவிட்டுப் பழக்கினார்.

வட்டமான எழுத்தை முழுதாக வெட்டினால் நடுத் தகரம் கழன்று விழுந்துவிடும் என்பதால், மேலும் கீழும் சிறிது வெட்டாமல் விட்டிருப்பார்கள். ஆகவே தகட்டில் ஆங்கில 'ஓ' என்பது முகம் பார்த்து நிற்கும் இரண்டு பிறைகள். அந்த இடம் வந்ததும் அப்பா, "விரலை எடு" என்பார். தகரம் கையைக் கிழிக்கும் என்று சொன்னாரா, எழுத்தே அங்கே நின்றுவிடுகிறது என்று சொன்னாரா, எனக்கு அன்றும் விளங்கவில்லை, இன்றும் விளங்கவில்லை. சிலேட்டில் எழுதும்போதும் அதே இடத்தில் குச்சியை எடுத்தேன். "பெட்டியில விழுற மாதிரியே போடுறா" என்று அப்பா பூரித்துப்போனார்.

அம்மா தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்தவள், எழுத்து அறியாதவள். ஆனால் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக் கண்டிக்கு இறங்கும் போதெல்லாம் கடைப் பலகைகளை நின்று பார்ப்பாள். "என்னங்க, கடையில எழுதியிருக்கிறதுல நடுவுல இப்படி வெட்டு ஒண்ணும் இல்லையே" என்று ஒருநாள் கேட்டாள். "ஒனக்கு எழுத்துத் தெரியுமா?" என்றார் அப்பா. அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அதன்பிறகு ரொட்டி சுடும் நாட்களில் என்னைப் பக்கத்தில் இருத்தி, மாவைக் கயிறாகத் திரித்து, வளைத்து, இரண்டு முனைகளையும் ஈரவிரலால் என்னைக் கொண்டே ஒட்டவைப்பாள். "ஒட்டாட்டி சட்டியில பிரிஞ்சிரும்டி." வெந்ததும் அந்த 'ஓ'வை நான் தின்பேன். கைச்சூட்டில் ஒட்டிய எழுத்தும் தகரத்தில் பிரிந்த எழுத்தும் ஒன்றுதானா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அப்பா முன்னால் பிரித்தும் அம்மா முன்னால் சேர்த்தும் போட்டுக்கொண்டிருந்தேன்.

கண்டியில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடம் ஒன்றில் என்னைச் சேர்க்க வேண்டுமென்பது அப்பாவின் ஒரே ஆசை. தோட்டத்துப் பிள்ளையை அங்கே எடுப்பது அபூர்வம். ஒருநாள் மூவரும் போனோம். யாழ்ப்பாணத்துச் சிஸ்டர் ஒருவர் எங்களைக் கதிரைகளில் இருத்தி, சிலேட்டை என் மடியில் வைத்து, பெயரை எழுதச் சொன்னார். முதல் எழுத்தை முடித்து, 'ஓ'வின் முதல் பிறையைப் போட்டேன். அப்பா தலையசைத்தார். அம்மாவின் விரல் சேலை மடிப்பில் வட்டமாக ஓடியது. எனக்குக் கை ஓடவில்லை. பிரிந்த 'ஓ' ஒன்றும் சேர்ந்த 'ஓ' ஒன்றுமாகப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டு, "எது வேணும்?" என்று சிஸ்டரைக் கேட்டேன்.

"ஆர் பிள்ளை உமக்கு எழுதப் பழக்கினது?"

நான் இருவரையும் மாறிமாறிப் பார்த்தேன். சிஸ்டர் சிலேட்டை வாங்கிக்கொண்டு அப்பாவிடம் மெதுவாகத்தான் சொன்னார்: "பிள்ளைக்கு எழுத்துத் தெரியும். ஆனா ஒவ்வொரு கோட்டுக்கும் உங்கட முகத்தைப் பாக்குது. இஞ்ச பாக்கிறதுக்கு நீங்கள் இருக்கமாட்டியள். அடுத்த வருஷம் கொண்டுவாங்கோ."

அதன்பிறகு காத்திருந்த அந்த ஒரு வருஷம்தான் எனக்குப் பெரிய குழப்பம். அப்பா தகடுகளை அலுமாரிக்கு மேலே போட்டார். அம்மா ரொட்டியைத் தட்டையாகவே தட்டினாள். எதைக் கேட்டாலும், "ஒனக்கு எப்படித் தோணுதோ அப்படிப் போடு" என்று இருவரும் ஒரே மாதிரி சொன்னார்கள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவர்களுக்குள் சமாதானமா, கோபமா, என்மேல் வருத்தமா என்றும் தெரியவில்லை. சிலேட்டை வைத்துக்கொண்டு அழுதது நினைவிருக்கிறது.

அடுத்த வருஷம் சிஸ்டர் பெற்றோரை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தினார். எழுதினேன், பார்த்தார், ஈரத்துணியால் துடைத்தார், சேர்த்துக்கொண்டார். எப்படி எழுதினேன்? தேதியும் மழையும் தவறாமல் நாட்குறிப்பு எழுதுகிறவள் நான். இந்த ஒன்றை மட்டும் என்னால் உறுதியாக எழுத முடியவில்லை. பிரித்துத்தான் எழுதினாய் என்று அப்பா கடைசிவரை சொன்னார். சேர்த்துத்தான் எழுதினாய் என்று அம்மா சொன்னாள். எப்படித் தெரியும் என்று கேட்டால், இருவரும் சொன்ன பதில் ஒன்றே: "நீதானே வந்து என் காதுல சொன்னே."

இன்று அப்பா இல்லை, அம்மா இல்லை. அந்த வீட்டில் வேறு கிளாக்கர் குடும்பம் இருக்கிறது. அலுமாரிக்கு மேல் கிடந்த தகடுகள் எந்த வீடு மாறுதலில் தொலைந்தன என்று தெரியவில்லை. கையொப்பமிடும்போது மட்டும் 'ஓ'வின் உச்சியில் என் பேனா சற்றே நிற்கிறது. நிமிர்ந்து பார்க்கிறேன். எதிரே ஆளில்லாத இரண்டு கதிரைகள் இருக்கின்றன.