பாகற்பந்தலில் கண்கொத்திப் பாம்பு

இன்று காலை பாகற்காய் பிடுங்கப் போனேன். காற்றே இல்லை, பந்தலில் ஒரு கொடி மட்டும் ஆடியது. பார்த்தால் கண்கொத்திப் பாம்பு. கை தானாகவே கண்ணைப் பொத்தியது.

சின்ன வயதில் நெடுங்கேணியிலும் அப்படித்தான். வேலிப் பூவரசில் பச்சையாய்த் தொங்கியது. "கண்ணைப் பொத்தடி, கொத்திப்போடும்!" என்று அம்மா கத்தினார். அப்பா தடியோடு ஓடிவந்தார்.

மலையகத்திலிருந்து வந்து பக்கத்துக் காணியில் குடியிருந்த சரசு மாமி குறுக்கே நின்றார்.

"அடிக்காதீங்கண்ணே! பச்சப் பாம்ப உருவுன கைக்குச் சமையல் ருசியா வரும். புள்ள உருவட்டும்."

"உங்கட கறியைத் திண்டாலே தெரியுது தங்கச்சி, நீங்கள் உருவினதில்லையெண்டு" என்றார் அப்பா.

"அப்ப இப்பவே உருவுறேன்!"

மாமி தலைப்பக்கமிருந்து வாலுக்கு மெல்லத் தடவினார். பாம்பு உடலை ஊதியது. செதிலுக்கிடையில் கறுப்பும் வெள்ளையுமாய்த் தெரிந்தது. யாரையும் கொத்தாமல் இலைக்குள் நழுவிவிட்டது. அப்பா சிரித்துக்கொண்டே தடியைப் போட்டார். எனக்குத்தான் வெட்கம். உருவாமல் விரலிடுக்கால் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன்.

இன்று கையை இறக்கினேன். பாம்பு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. நேற்றும் என் கறியில் ருசியில்லை என்றாள் மருமகள். முற்றத்தில் யாரும் இல்லையா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, மெல்ல ஒரு விரலை நீட்டினேன்.