லட்சத்தார், ரெண்டு லட்சத்தார்

ஆனைக்கரையில் ஏலக்காய்க் கடை வேலைக்குப் போகும் ஜீப்பில் அவரைத் தினமும் பார்ப்பேன். கல்லூரியில் சரித்திரம் எடுக்கும் தற்காலிக ஆசிரியர். தலை முழுக்க நரைத்துவிட்டது. இறங்குவதற்கு முன் குனிந்து, செருப்பில் ஒட்டிய சேற்றைப் பழைய காகிதத்தால் துடைத்துவிட்டுத்தான் இறங்குவார்.

அன்று அவர் முகம் வாடியிருந்தது. என்ன சார் என்றேன்.

“வேலைய ஸ்திரமாக்க வயசு தாண்டிருச்சுன்னு சொல்லிட்டாங்கம்மா. எங்கிட்டப் படிச்ச பையனே அந்த எடத்துக்கு வாரான். இந்த வாரத்தோட எனக்கு முடிஞ்சது.”

பேச்சை மாற்றுவதற்காக, இன்று என்ன பாடம் என்று கேட்டேன்.

“ரோமாபுரி அதிகாரிங்க. அங்க வருசச் சம்பளத்த வச்சே ஆளுக்குப் பேருங்க. அடியில அறுபதாயிரத்தார். மேல லட்சத்தார். அதுக்கும் மேல ரெண்டு லட்சத்தார்.”

“தற்காலிகமா இருந்தவங்களுக்கு என்ன பேரு சார்?”

“புஸ்தகத்துல போடலியேம்மா” என்றார். சிரிக்கவில்லை.

கல்லூரி வந்தது. “இன்னைக்கும் பாடம் எடுக்கணுமா சார்?” என்று கேட்டுவிட்டேன்.

“பரீட்சைல கேப்பாங்க. பிள்ளைங்க எழுதணும்ல?”

அடுத்த வாரம் முதல் அவர் வரவில்லை. உடும்பஞ்சோலைப் பக்கம் ஏதோ எஸ்டேட் ஆபீசில் இருப்பதாக ஒருவர் சொன்னார்; இல்லை என்றார் இன்னொருவர். அன்றைய வகுப்பைத்தான் நான் இன்னும் நினைத்துக்கொள்கிறேன். அந்தப் பதவிகளையெல்லாம் ஒவ்வொன்றாக விளக்கியபோது, பிள்ளைகளின் முகத்தை அவர் நேராகப் பார்த்திருப்பாரா?