சக்கரத்தில் ஒரு வெள்ளைக் கோடு

மழை விட்டும் சாமித்தம்பியின் வயலில் தண்ணீர் அசையவில்லை. முந்தாநாள் விதைத்த முளைநெல் அடியில் கிடந்தது. பொழுது படுவதற்குள் இறைத்துத் தள்ளாவிட்டால் அழுகிவிடும். மறுபடி விதைக்க அவனிடம் ஒரு மணி நெல்லும் இல்லை. அது அறுபத்துநாலாம் ஆண்டு மாரி.

வாவியைத் தோணியில் கடந்து படுவான்கரைக்கு வந்த மொறிஸ், கிடுகுக் கொட்டிலில் நின்ற, தண்ணீர் இறைக்கும் மண்ணெண்ணெய் எஞ்சினின் முன்னால் குந்தினார். நகரத்துப் பறங்கிக் கொல்லர். பெரிய கெட்டிக்காரர் என்று பெயரெடுத்தவரல்ல, கவனமானவர். முன்னொரு எஞ்சின் திருப்பி அடித்ததில் வலக்கைப் பெருவிரல் கோணியிருந்தது. அன்றிலிருந்து எஞ்சினைச் சுழற்றிக் கிளப்பும் கைபிடியைப் பிடித்தால் பெருவிரலை மற்ற விரல்களின் பக்கமே வைப்பார்.

பிஸ்டன் ஏறி இறங்கும். வளைந்த தண்டு அதைச் சக்கரத்தின் சுழற்சியாக்கும். பிஸ்டன் உச்சியைத் தொடும் வேளையில்தான் நெருப்புப் பொறி விழவேண்டும். மிக முந்தினால் சக்கரம் பின்னுக்குக் கிறுகிச் சுழலும். உச்சி எதுவென்று அறியப் போனமாதம் சக்கர விளிம்பில் சோக்கால் ஒரு கோடு கீறியிருந்தார்.

பொறியைத் தரும் மெக்னீற்றோ நனைந்திருந்தது; அதைக் கழற்றித் துடைத்தார். வெள்ளைக் கோட்டை நேர் மேலே கொண்டுவந்து, அந்தக் கணக்குக்குப் பூட்டினார். கைபிடியைச் சுழற்றினார். எஞ்சின் ஒருமுறை இருமியது. கைபிடி பின்பக்கமாகத் துள்ளி மணிக்கட்டில் அடித்தது.

“ஐயோ பாஸ்! கை முறிஞ்சிட்டா?” சாமித்தம்பி ஓடிவந்தான்.

“பெருவிரலைச் சுத்திப் பிடிச்சிருந்தா முறிஞ்சிருக்கும்.”

மணிக்கட்டு வீங்கத் தொடங்கியது. மொறிஸ் கோட்டைத் தொட்டுப் பார்த்தார். மா மாதிரி விரலில் ஒட்டியது.

“இதை ஆர் போட்டது?”

“நான்தான். விதைப்புக்கு முதல் மிசினைக் கழுவித் திருநீறு பூசிக் கும்பிட்டனான். மூணு கோடு. கூரை ஒழுக்கில ரெண்டு போயிட்டு.”

“என்ட கோடு?”

“ஊத்தையெண்டு தேச்சிட்டன் பாஸ்.”

“உன்ட சாமி என்னைப் பிடிச்செல்லோ சோதிச்சிருக்கார்!”

சாமித்தம்பி வயலையே பார்த்துக்கொண்டு நின்றான். மொறிசுக்கு வந்த கோபம் பாதியில் நின்றது. மழை நாட்டில் சோக்கை நம்பியது அவர்தானே.

பிளக்கைக் கழற்றி, துவாரத்தில் ஓர் ஈர்க்கை விட்டார். “சக்கரத்தை மெதுவாக் கிறுக்கு.”

ஈர்க்கு உயர்ந்தது. நின்றது. சக்கரம் இன்னும் விரலகலம் கிறுகியும் அது ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. அந்த அசையாத இடத்தின் நடுதான் உச்சி; அதை அளந்து சக்கர விளிம்பில் உளியை வைத்தார். சாமித்தம்பி சுத்தியலால் அடித்தான். இரும்பில் தழும்பு விழுந்தது.

மெக்னீற்றோவை மறுபடி பூட்டி, இடக்கையால் கைபிடியைப் பிடித்தார். பெருவிரல் ஒதுங்கியே இருந்தது. “தள்ளி நில்.”

முதற் சுற்றில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் இருமியது, முன்னுக்கே பாய்ந்தது. குழாய் கலங்கல் தண்ணீரைக் கக்கியது.

சாமித்தம்பியின் கை மடியிலிருந்த திருநீற்றுப் பைக்குப் போனது.

“சக்கரத்தில தொடாத. எண்ணெய்த் தாங்கியில பூசு.”

பொழுது படும்போது மேட்டில் முளைகள் தெரிந்தன. பள்ளத்தில் அழுகிக் கிடந்தவை போனவைதான்.